நெல் குடியிருந்த வீடுகள்

கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அப்பா அவசரமாகக் குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறார். வந்தவன் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொள்கிறது: "எங்கப்பன் குதிருக்குள் இல்லை!" தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்துவரும் இந்தப் பழமொழியில் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் மறைந்து நிற்கும் அளவுக்குப் பெரிய கலம் ஒன்று சாதாரணக் குடியானவர் வீட்டில் இருந்திருக்கிறது என்பது ஒன்று. அன்றைக்கு அது காலியாகக் கிடந்திருக்கிறது என்பது இன்னொன்று. நெல் நிறைந்த குதிருக்குள் எலிகூட நுழைய முடியாது. ஆள் எங்கே ஒளிவது? அறுவடைக்கு முந்தைய மாதங்களில்தான் குதிர் அடிமட்டத்துக்கு வரும். கடன்காரனும் அந்த மாதங்களில்தான் வாசலுக்கு வருவான்.

தமிழ்நாட்டுக் கிராமத்து வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அதில் எத்தனை பேர் படுப்பார்கள் என்பது மட்டும் முடிவு செய்யவில்லை. ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் எத்தனை மாதம் என்பதும் சேர்ந்து முடிவு செய்தது. வருஷத்துக்கு ஒரு போகம் விளையும் ஊரில் பன்னிரண்டு மாதச் சோறும், அடுத்த விதைப்புக்கான விதையும், களத்து வேலைக்கு அளக்க வேண்டிய கூலியும் வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். மனிதர்களோடு நெல்லும் அங்கே குடியிருந்தது.

அது எவ்வளவு இடத்தை அடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தால், ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கிலோ அரிசி வேண்டும். அவ்வளவு அரிசி கிடைக்க ஏறத்தாழ 1,650 கிலோ நெல்லைக் குத்த வேண்டும். நெல் உமியோடு இருப்பதால் எடைக்கு மீறி இடம் பிடிக்கும். 1,650 கிலோ நெல்லுக்குச் சுமார் 100 கன அடி தேவை. 4 அடி விட்டமும் 8 அடி உயரமும் கொண்ட ஒரு குதிரின் கொள்ளளவு கிட்டத்தட்ட அதுதான். மேல்மூடிக்கு ஏணி வைத்து ஏறும் உயரத்தில் அந்தக் காலத்து ஆட்கள் குதிரைக் கட்டியதில் வீண் ஆடம்பரம் எதுவும் இல்லை.

குதிர் கட்டுவது பெண்களும் கைவைத்த வேலை. களிமண்ணில் நறுக்கிய வைக்கோலும் உமியும் சேர்த்து, தண்ணீர் விட்டு மிதித்து, சில நாள் புளிக்கவிடுவார்கள். பிறகு அதை உறை உறையாக, அதாவது வளையம் வளையமாகச் செய்து காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளை மண்ணால் பூசிச் சாணத்தால் மெழுகுவார்கள். வாசல் நிலையைவிட அகலமான ஒரு கலம் முழுசாக வீட்டுக்குள் நுழையாது. உறைகளாகச் செய்தால் உள்ளே கொண்டுவந்து கூட்டிவிடலாம். ஓர் உறை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். அடியில் கல் கொடுத்துத் தூக்கி நிறுத்துவது தரையின் ஈரம் ஏறாமல் இருக்க. மேலே மூடி, கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளையைப் பழந்துணியாலோ தேங்காய்ச் சிரட்டையாலோ அடைத்துவைப்பார்கள். நெல் வேண்டும்போது அடைப்பை எடுத்தால் தானாகச் சரிந்து வந்து விழும். மேல்மூடியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. உள்ளே காற்றும் ஈரமும் புகாமல் இருக்க இது உதவியது. நெல்லோடு வேப்பிலை, நொச்சி இலை போட்டுவைப்பது பூச்சிக்கு மருந்து.

ஊருக்கு ஊர் கலம் மாறியது. கரிசல் காட்டில் அது குலுக்கை. மூங்கில் வளமான இடங்களில், மூங்கிற் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னிச் சாணமும் மண்ணும் பூசியது தொம்பை. காவிரிக் கரையில் வசதியான வீடுகளில் பத்தாயம். கனத்த பலகைகளைக் காடி வெட்டிப் பொருத்தி, அடுக்கடுக்காகத் தூக்கி நிறுத்திய மரப்பெட்டி அது. கழற்றி வேறிடத்தில் கூட்டலாம். கேரளத்திலோ நெல்லுக்கென்றே வீட்டின் நடுவில் மரச்சுவர் வைத்த 'அறை' கட்டி, அதைச் சுற்றித்தான் மற்ற அறைகளை அமைத்தார்கள். ஈழத்தில், வன்னிப் பக்கத்து வயல்காரர்கள் நெல்லைக் கொம்பறையில் வைத்தார்கள். நெல்லைச் சீமையில் வைக்கோற்புரியால் உருண்டையாகக் கட்டிச் சாணம் மெழுகிய கோட்டைக்குள் விதைநெல் இருந்தது. ஒரு கோட்டை நெல்லை விதைக்கும் அளவுள்ள நிலத்தை 'ஒரு கோட்டை விதைப்பாடு' என்றே அங்கு அளந்தார்கள்.

இதெல்லாம் மிகப் பழைய ஏற்பாடு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டு நெற்கூடுகள் ஏணியும் எட்டாத உயரத்தில் நிற்கின்றன. மேலே கூரையைத் திறந்து கொட்டிய நெல் செலவாகாமல் உள்ளேயே கிடந்து முதிர்கிறது. வழிப்போக்கரான பாணருக்கு அந்த ஊரில் சோற்றுக்குக் குறைவிருக்காது என்பதைக் கூட்டின் உயரமே காட்டிவிடுகிறது.

புஞ்சைக் காட்டில் கதை வேறு. அங்கே தானியம் மேலே போகாமல் மண்ணுக்குள் இறங்கியது. சேலம், கோவை, மைசூர் வட்டாரங்களில் மேட்டு நிலத்தில் குடுவை வடிவக் குழி தோண்டி, சுற்றிலும் வைக்கோல் கொடுத்து, கேழ்வரகையோ சோளத்தையோ நிரப்பி வாயை மண்ணால் மூடிவிடுவார்கள். 1800-01இல் மைசூர் வழியாகவும் கொங்கு நாட்டு வழியாகவும் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கேழ்வரகுக் குழிகளைக் குறித்துவைத்திருக்கிறார். மூடிய குழிக்குள் தானியமே மூச்சுவிட்டு அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், கரியமிலவாயு தேங்கும், வண்டும் அந்தும் செத்துப்போகும். நன்றாகக் காய்ந்த கேழ்வரகு இப்படிப் பல ஆண்டுகள் கெடாமல் கிடந்தது. ஆனால் பூச்சியைக் கொல்லும் அதே காற்று மனிதரையும் கொல்லும். ஆகவே குழியைத் திறந்ததும் யாரும் இறங்குவதில்லை. முதலில் காற்றாட விடவேண்டும். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

வீட்டுக் குதிரின் அளவைப் பெருக்கிக்கொண்டே போனால் கோயிற் களஞ்சியம் வரும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் பாலைவனநாதர் கோயிலை ஒட்டி, தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட வட்டக் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. கூம்பிய கூரையுடன் முப்பதடிக்கு மேல் உயரம். கொள்ளளவு 3,000 கலம் என்பார்கள். கலத்துக்கு 12 மரக்கால் என்ற கணக்கில் 36,000 மரக்கால் நெல். திருவரங்கத்துக் கோயிலிலும் கொட்டாரம் எனப்படும் வட்டமான பெரிய நெற்களஞ்சியங்கள் உண்டு. வட்டமாகக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது: உள்ளே குவியும் நெல் சுவரை எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும், மூலை இல்லாததால் ஈரமும் பூச்சியும் தங்கவும் இடமில்லை.

தரையை நெல் பிடித்துக்கொண்டது. மற்றப் பொருள்களுக்கு மிச்சமிருந்தவை சுவரும் உத்தரமும் கூரைக்கு அடியில் கிடந்த வெற்றிடமும்தான். பழைய வீட்டின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அங்கேதான் தெரியும்.

ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள மண் சுவரில் மாடம் குடைந்தால் செலவில்லாமல் ஓர் அலமாரி கிடைத்துவிடும். வாசல் பக்கம் விளக்கு மாடம், அடுக்களையில் உப்பும் புளியும் வைக்க ஒன்று, பூஜைக்கு ஒன்று. உத்தரத்தில் அடித்த கொக்கியில் குழந்தைக்கு ஏணை தொங்கும். குழந்தை வளர்ந்ததும் அதே கொக்கியில் வேறொன்று தொங்கும். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவார்கள். துணிக்கு மூலையில் ஒரு கொடி. வரி கட்டிய ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் உறவினர் கடிதமும் ஒரு வளைந்த கம்பியில் குத்தப்பட்டு விட்டத்திலிருந்து தொங்கும். புதியது மேலே, பழையது கீழே என்று ஆண்டுக் கணக்கில் அந்தக் குடும்பத்தின் ஆவணக் காப்பகம் அதுதான். தயிரும் வெண்ணெயும் உறியில். பூனைக்கு எட்டாது, எறும்புக்கு வழி நீளம், காற்றும் படும். கண்ணன் கதைக்கும் உறியடித் திருவிழாவுக்கும் இந்த அடுக்களை ஏற்பாடுதான் மூலதனம்.

பகலில் கூடத்துத் தரையில் எதுவும் இருக்காது. அதனால் ஒரே கூடத்தில் காலையில் பிள்ளைகள் படித்தன, மத்தியானம் பந்தி நடந்தது, ராத்திரி பத்துப் பேர் படுத்தார்கள், முகூர்த்த நாளில் மணவறை போட்டார்கள்.

பரணை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மூங்கிலோ பனஞ்சட்டமோ பரப்பிக் கட்டிய அந்தத் தட்டில் விறகு காயும், ஓலைப்பெட்டியில் கருப்பட்டி இருக்கும், அடுத்த பருவத்துக்கான விதைகள் இருக்கும். அடுப்புப் புகை நாள்தோறும் அதன் வழியாகத்தான் கூரைக்குப் போகும். புகைபட்ட இடத்தில் பூச்சி அண்டாது. மழைக்காலத்திலும் ஈரம் நிற்காது. சோளக் கதிரையும் மக்காச்சோளத்தையும் அப்படியே கட்டித் தொங்கவிடுவார்கள். காய்ந்த சுரைக்குடுக்கை விதைக்கு டப்பா. பூசணி, அவரை விதைகளைச் சாம்பலில் புரட்டிச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டிவிடுவதும் உண்டு. சமையலுக்கு எரித்த விறகு சோற்றையும் வேகவைத்தது, அடுத்த ஆண்டு விளைச்சலையும் காப்பாற்றியது. இந்தப் பரணைக் கொங்கு நாட்டில் அட்டாலி என்பார்கள்.

நெல்லைச் சேர்ப்பதற்கு இடம் தேடாமல், பொருள்களைச் சேர்ப்பதற்கென்றே வீடு கட்டியவர்களும் இருந்தார்கள். காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவியிருந்த நகரத்தார், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தில் கட்டிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி (தனிக் குடும்பம்), ஒவ்வொரு புள்ளிக்கும் தன் பொருளை வைத்துப் பூட்ட அறை. படுக்கையும் சாப்பாடும் பொதுவான வளவிலும் பட்டாலையிலும் நடந்தன. அறைகளுக்குள் இருந்தவை பெண் வீட்டார் கொடுத்த சாமான்கள்: பித்தளை, வெண்கலம், மரவை, ஓலைக்கொட்டான், சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் தூக்குகள், பர்மாவிலிருந்து கப்பலேறிய அரக்குப் பாத்திரங்கள், ஊறுகாய்க்குப் பெரிய பெரிய சாடிகள். திருமணத்தின்போது இவை அனைத்தையும் வரிசையாகப் பரப்பி உறவினருக்குக் காட்டுவது ஒரு சடங்கு.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்கள் அங்கே குவிந்தன. இருபது பாத்திரம் ஒரு பாத்திரத்தின் இடத்தில் நிற்கும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானத்தின் வேர் ஆட்டம் கண்டது. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிரிந்தன. பூட்டிய அறைகளில் இருந்த பொருள்கள் பாகம் பிரிந்து, பிறகு விலைக்குப் போகத் தொடங்கின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்த எனாமல் தூக்குகளை அடுக்கிவைத்து விற்கிறார்கள்.

வீட்டை விட்டு நெல் வெளியேறியது ஒரே நாளில் நடக்கவில்லை. தொடக்கத்தை ரயிலில் வைக்கலாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதற்கு முன் உள்நாட்டு ஊரில் விளைந்த தானியத்தை மாட்டு வண்டியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுபோனால் வண்டிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். விலை சரிந்த ஆண்டில் குழிக்குள் போட்டு மூடிவைப்பதே புத்திசாலித்தனம். ரயில் வந்ததும் தொலைவிலுள்ள விலை உள்ளூர்க் களத்துக்கு வந்துவிட்டது. விற்றுக் காசாக்கி வரியும் கடனும் கட்டுவது எளிதாயிற்று, சேமிப்பு மெலிந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், மழை பொய்க்காத ஊர்களிலும் விலை ஏறியது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, கப்பலில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்ததை வருணித்திருக்கிறார். அதே நாட்களில் உள்மாவட்டங்களில் வாங்கக் காசில்லாதவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்த கையிருப்பு போய், தொலைவில் எங்கோ இருக்கும் மூட்டையை நம்பி வாழும் காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் அடுத்த அடி. பர்மா அரிசி நின்றது. 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது. ஒரு வீட்டில் எவ்வளவு நெல் இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் கேள்வியாயிற்று. விளைந்ததில் இவ்வளவை விட்டு மீதியை அளந்துவிட வேண்டும் என்ற கொள்முதல் முறை வந்தபோது, அதுவரை வீட்டின் கௌரவமாக நின்ற பத்தாயம் அதிகாரி எட்டிப் பார்க்கும் இடமாகிவிட்டது. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1960களின் பஞ்சத்தில் அந்தக் கட்டாயக் கொள்முதல் 'லெவி நெல்' என்ற பெயரில் மறுபடியும் வந்தது. பதுக்கல் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டுகளில் ஏறிய கறை சேமிப்பின் மீதும் கொஞ்சம் படிந்தது.

1965 ஜனவரி 14, பொங்கல் நாளில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. தலைமையகம் அப்போது சென்னையில்; முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு 1960இலேயே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த தஞ்சைக்கு அந்த இடம் கிடைத்ததில் வியப்பில்லை. அடுத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27 குறுவை ரகம் காவிரி டெல்டா முழுக்கப் பரவியது. ஜப்பானிய நெல்லை நம்மூர் நெல்லோடு சேர்த்து உருவாக்கிய குறுகிய வயதுப் பயிர். விளைச்சல் அதிகம். ஆனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டிக்கொண்டது.

பழைய சம்பா தை மாதத்து வெயிலில் அறுபட்டு, களத்தில் காய்ந்து, பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று ஒடியும் பதத்தில் குதிருக்குப் போனது. ஐப்பசி மழையில் அறுத்த ஈர நெல்லைக் குதிரில் கொட்டினால் சூடேறி முளைவிடும், நாறும். உடனே விற்றாக வேண்டும். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து, நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பெருகின. இன்றைக்கும் டெல்டாவில் அறுவடைக் காலப் பேச்சு எல்லாம் ஈரப்பதத்தைச் சுற்றித்தான்: 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள், தளர்த்தச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். வீட்டுக் குதிர் பல்லால் அளந்ததைக் கொள்முதல் நிலையத்தில் கருவி அளக்கிறது.

குதிரைக் காப்பாற்ற முயற்சிகள் நடக்காமல் இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், மண் சுவருக்கு நடுவில் பாலித்தீன் தாளைக் கொடுத்து ஈரம் ஏறாத 'பூசா' குதிரை வடிவமைத்தது. தானியத்தைக் காப்போம் என்ற மத்திய அரசின் இயக்கம் 1960களிலிருந்து கிராமங்களுக்குத் தகரக் குதிர்களைக் கொண்டுபோனது. எலி நுழையாத, எளிதில் நகர்த்தக்கூடிய நல்ல பொருள். ஆனால் அதில் போட்டுவைக்க வீட்டில் நெல் நிற்க வேண்டுமே! வயலிலிருந்து நெல் வீட்டுப் படியேறாமலேயே லாரிக்குப் போகத் தொடங்கியிருந்தது.

விதை மட்டும் சில வீடுகளில் தங்கியது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் மறைவதற்குள் 170 வகைகளை ஒட்டி மீட்கப்பட்டிருந்தன. விதையைக் கிடங்கில் பூட்டாமல் பல வீடுகளில் பரப்பிவைத்துக் காக்கும் வழி அது.

நெல் காலி செய்த இடத்துக்கு வேறு குடித்தனக்காரர்கள் வந்தார்கள். முதலில் இரும்பு. பம்பாயில் 1897இல் பூட்டுச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் எஃகு பீரோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சாயலில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பட்டறைகள் முளைத்தன. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, சீர்வரிசையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிரந்தர இடம் பிடித்தது. கொடியில் கிடந்த சேலை அதற்குள் போயிற்று, கம்பியில் குத்திய ரசீதும் போயிற்று. ட்ரங்குப் பெட்டி ரயிலேறும் மகனோடு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் அமர்ந்தது.

அடுக்களையில் தகரமும் கண்ணாடியும். 1937இல் சந்தைக்கு வந்த டால்டாவின் மஞ்சள் டின் காலியானதும் பருப்புக்கோ வெல்லத்துக்கோ வீடாகும். துருப்பிடித்தால் துளசிக்குத் தொட்டி. மண்ணெண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டி மூடி வைத்தால் அரிசி டின். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியும் கடுகும். எதையும் எறியாத அந்த வீடுகளில் பொட்டலம் கட்டி வந்ததெல்லாம் கலமாகித் தங்கியது. எவர்சில்வர் வந்து டப்பாக்கள் ஒரே அளவில் வரிசை கட்டும்வரை தமிழ் அடுக்களையின் அலமாரியில் பாதி, கம்பெனிகளின் பழைய உறைகள்தான்.

நவராத்திரிக்கு இந்தப் பெட்டிகள் அனைத்துக்கும் வேலை உண்டு. கொலுப்படி என்று தனியாக வாங்காத காலத்தில் ட்ரங்குப் பெட்டி, அதன்மேல் பலகை, டின்கள், பெஞ்சு என்று உயரப்படி அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் ஏழு படியோ ஒன்பது படியோ தயார். சாமான் நிரம்பிய பெட்டிகள்தான் நல்லது. கனமாக நின்று ஆடாது. பத்தாம் நாள் பொம்மைகள் பழந்துணியில் சுற்றப்பட்டு மரப்பெட்டிக்குள் போய், பரணில் ஓராண்டு இருக்கும்.

அந்தப் பரண் இப்போது கான்கிரீட். 1961இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும், 1970இல் குடிசை மாற்று வாரியமும் கட்டத் தொடங்கிய அடுக்கு வீடுகளில் கூரைக்கு அடியில் முக்கோண வெற்றிடம் கிடையாது. மேல்வீட்டுக்காரரின் தரைதான் கீழ்வீட்டுக்காரரின் கூரை. ஆகவே கதவு உயரத்தில், சுமார் 7 அடியில், சுவரிலிருந்து ஒரு ஸ்லாப் நீட்டினார்கள். பொருள் வைப்பதற்கான இடைத்தளம் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று தேசியக் கட்டட விதிநூல் சொல்கிறது. அதற்கு மேல் போனால் அதில் ஆளைக் குடிவைத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. வாரிய வீடுகளில் ஓர் அறையை நம்பி வாழ்ந்தவர்கள் தங்கள் பங்குக்குக் கட்டில் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உயர்த்தி, அடியில் ஒரு கிடங்கு உண்டாக்கினார்கள். பாத்திரமும் பெட்டியும் அங்கே இருக்கும். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் புத்தகத்தோடு நுழைந்துகொள்வதும் உண்டு.

புகை இல்லாத கான்கிரீட் பரணில் விதை வைக்க முடியாது. அங்கே ஏறுபவை வேறு: கல்யாணச் சீராக வந்து ஒருநாளும் அடுப்பேறாத அண்டாவும் கொப்பரையும், ஊருக்குப் போகும் சூட்கேஸ், கொலுப் பெட்டி, பழைய டியூப்லைட் சட்டம், 'உத்தரவாதம் முடியும்வரை இருக்கட்டும்' என்று வைத்த அட்டைப் பெட்டிகள். 2006க்குப் பிறகு அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் மிகச் சிறிய வீடுகளுக்கும் இந்த நெருக்கடியைக் கொண்டுசேர்த்தன. வாழ்க்கை எளிதானது, அட்டைப் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

சோற்றுக்கோ இப்போது அவ்வளவு இடம் வேண்டாம். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியபோது, பல லட்சம் வீடுகளில் கையிருப்பின் ஆயுள் ஒரு மாதம் என்று நிலைத்துவிட்டது. கடையில் வாங்குகிறவர்களுக்கு 25 கிலோ சிப்பம். அதன் அளவையும் வீட்டுத் தேவை முடிவு செய்யவில்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று அறிவிப்பு வந்தது. சில நாட்களிலேயே தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பத்தை இறக்கிவிட்டன. ஒரு கிலோ கூடியதில் வரி போயிற்று. சிப்பம் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், சமையல் மேடைக்கு அடியில் முன்போலவே நுழைந்துகொண்டது.

அதே சிப்பத்தின் முகப்பில் சில ஆலைகள் 'பழைய அரிசி' என்று பெரிதாக அச்சிடுகின்றன. புது அரிசி குழையும். ஓராண்டு கிடந்தது உதிரியாக வேகும், வயிற்றுக்கும் நல்லது என்பது பழைய நம்பிக்கை. நெல்லை அப்படி முதிரவிடும் வேலையை ஆலைக் கிடங்கு செய்கிறது. கிடங்கு வாடகையும் முடங்கிய பணத்துக்கு வட்டியும் சேர்ந்து, பழைய அரிசி புது அரிசியைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக விற்கிறது. வாங்குகிறவர்களும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள்.